உடையாததை அளந்து அனுப்பு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த புகைப்படங்களும் கிடைத்தன. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். படித்ததும் பெரிய நிம்மதி. இனி வெர்னியர் அளவுகோலின் நுண்ணிய கோடுகளை வேறொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இங்கே எல்லோரும் நலம். பணி ஓய்வு பெற்ற பிறகும் நான் லேத்தை விடவில்லை. முன்பைவிட மெதுவாகக் கடைகிறேன். அவசரப்படுத்த ஆளில்லாததால் வேலை முன்பைவிட நன்றாக வருகிறது.

பலகையை ஒரே கனத்துக்குச் சீவும் அந்தப் பழைய திக்னஸர் இயந்திரத்தை நீ வாங்கியதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. ஒரு பல்சக்கரம் கிடைக்காத காரணத்துக்காக மட்டும் எடைக்குப் போகவிருந்த இயந்திரம் அது. படத்தில் பார்த்தவரை அடிப்பாகத்தின் வார்ப்பிரும்பில் எங்கும் விரிசல் இல்லை. மற்றதையெல்லாம் செய்துவிடலாம்.

உடைந்த பல்சக்கரத்தைப் பார்த்து அதே மாதிரி எஃகில் ஒன்று வெட்டித் தருவாயா என்று கேட்டிருக்கிறாய். கட்டாயம் செய்து தருகிறேன். ஆனால் உடைந்ததைப் பார்த்து வெட்டுவதும் வேண்டாம், எஃகும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அது ஏன் உடைந்தது என்பதை முதலில் பார். உடைந்த பல்லின் முகத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். முழு முகமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தால் ஒரே அடியில் உடைந்திருக்கிறது. ஒரு பகுதி கறுத்துத் துருவேறி, மீதி மட்டும் பளிச்சென்று இருந்தால் விரிசல் வெகுநாள் முன்பே விழுந்துவிட்டது. பல்லின் ஒரு மூலை மட்டும் பெயர்ந்திருந்தால் சக்கரங்களைத் தாங்கிச் சுழலும் தண்டுகளான இரண்டு ஷாஃப்டுகளும் இணையாக இல்லை என்று சந்தேகப்படு. பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மரத்தை இழுக்கும் உருளைகளைக் கையால் சுற்றிப் பார். எங்காவது இறுகினால் நோய் அங்கே இருக்கிறது. பல் உடைந்தது அதன் அறிகுறி மட்டுமே. காரணத்தைச் சரிசெய்யாமல் எஃகுப் பல்சக்கரத்தை மாட்டினால் அது உடையாது, ஒப்புக்கொள்கிறேன். அடுத்த முறை பலகை சிக்கும்போது ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், அல்லது அடிப்பாகத்தில் பேரிங் அமர்ந்திருக்கும் வார்ப்பே பிளக்கும். பல்சக்கரத்தை இன்னொன்று செய்யலாம். அடிப்பாகத்தை உன்னாலோ என்னாலோ செய்ய முடியாது. இயந்திரத்தை வடிவமைத்தவர் எது முதலில் உடைய வேண்டும் என்று யோசித்துத்தான் அந்த வரிசையை வைத்திருப்பார். நாம் அதைக் கலைக்க வேண்டாம். வார்ப்பிரும்பிலேயே செய்வோம்.

அடுத்தது அளவு. தேய்ந்த பல்லை அளந்தால் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுப்போம். நீ அனுப்பிய விவரப்படி பற்கள் 40, வெளிவிட்டம் ஏறக்குறைய 106.5 மில்லிமீட்டர். பற்களின் எண்ணிக்கையுடன் இரண்டைக் கூட்டி, அங்குலத்தில் எடுத்த வெளிவிட்டத்தால் வகுத்தால், 42-ஐ 4.2-ஆல் வகுக்க 10 வருகிறது. பல்லின் பருமனைச் சொல்லும் இந்த எண்ணுக்கு டயமெட்ரல் பிட்ச் என்று பெயர். மெட்ரிக் கணக்கில் பல்லின் பருமனை மாட்யூல் என்பார்கள், அதில் இது 2.54. எளிதில் கிடைக்கும் கட்டர் மாட்யூல் 2.5 என்பதால், 'கிட்டத்தட்ட அதுதானே' என்று சிலர் அதிலேயே வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அப்படி வெட்டினால் இரண்டு சக்கரங்களும் ஒன்றையொன்று தொட்டு உருள்வதாகக் கணக்கிடும் பிட்ச் வட்டத்தின் விட்டம் 101.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 100 வரும். கையில் வைத்துச் சேர்த்துப் பார்க்கும்போது பொருந்துவதுபோலவே தோன்றும். ஓடும்போதுதான் சத்தமும் தேய்மானமும் தெரியும். பல்லின் பக்கச் சரிவைத் தீர்மானிக்கும் அழுத்தக் கோணத்தையும் பார்க்க வேண்டும். பழைய பல்சக்கரங்களில் பெரும்பாலும் பதினான்கரை பாகை, இப்போதைய வழக்கம் 20 பாகை. இரண்டையும் ஒன்றோடொன்று ஓட்டக் கூடாது.

இதையெல்லாம் தீர்மானிக்க உடைந்த சக்கரத்தைவிட நல்ல சாட்சி இயந்திரத்திலேயே இருக்கிறது. இரண்டு ஷாஃப்டுகளின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரம் பல் தேய்ந்ததால் மாறியிருக்காது. ஜோடிச் சக்கரத்துக்கு 20 பற்கள் என்றால் அந்தத் தூரம் சரியாக 3 அங்குலம், அதாவது 76.2 மில்லிமீட்டர் வர வேண்டும். 75 வந்தால் என் கணக்கு தவறு, இயந்திரம் மெட்ரிக். நான் எப்போதும் உடைந்ததை விட்டுவிட்டு அதைச் சுற்றி உடையாமல் இருப்பதை அளப்பது இதற்காகத்தான்.

இயந்திரத்தின் உடைந்த கைச்சக்கரத்துக்கும் இதே பேச்சுதான். படத்தில் தெரியும் மெல்லிய வலைப்பின்னல் விரிசல்களைப் பார்த்தால் அது துத்தநாகக் கலவை வார்ப்பு. அந்தக் காலத்துக் கலவையில் சிறிதளவு ஈயம் கலந்திருந்தாலே போதும், ஈரக்காற்றில் உள்ளுக்குள் அரிப்பு பரவி, உலோகம் உப்பி, பொடிந்துபோகும். 1929-இல் நியூ ஜெர்ஸி துத்தநாக நிறுவனம் 99.99 சதவீதத் தூய துத்தநாகத்தைக் கொண்டு ஜமாக் கலவைகளை உருவாக்கியதே இந்தக் கேட்டைத் தவிர்க்கத்தான். உன்னுடையதற்கு மருந்து இல்லை. வெல்டிங் செய்யவோ ஒட்டவோ முயலாதே. அதன் துளையையும் அளக்காதே, உப்பிய உலோகம் சொல்லும் அளவு பொய். ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளந்து அதற்குத் துளையிடுவோம்.

புதிய சக்கரத்தை வார்ப்பிரும்பில் வார்க்கலாம். மணலில் பதித்து அச்செடுக்கும் மர மாதிரியை, அதாவது பேட்டர்னை, நீயே செய்துவிடு. உன் கைக்கு அது பிடித்தமான வேலை. வார்ப்பிரும்பு ஆறும்போது ஓர் அடிக்கு 1/8 அங்குலம், அதாவது சுமார் ஒரு சதவீதம் சுருங்கும். உடைந்த பாகத்தையே ஒட்டி மணலில் பதித்தால் வருவது சிறியதாகத்தான் வரும், கடைவதற்கும் சதை இருக்காது. ஆகவே சுருக்கத்தைக் கூட்டு, கடையும் முகங்களில் கூடுதல் கனம் விடு, மணலைப் பெயர்க்காமல் பேட்டர்ன் வெளியே வரப் பக்கங்களைச் சற்றுச் சரிவாகச் சீவு. மரத்தச்சரும் வார்ப்பவரும் ஒரு காலத்தில் எவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1897-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் தொடங்கிய வாட்கின் நிறுவனம் பேட்டர்ன் செதுக்குவதற்கென்றே இயந்திரங்கள் செய்தது. இன்று அந்தக் காலத்து இயந்திரங்களுக்கே நாம் பேட்டர்ன் செதுக்குகிறோம்.

உன் மருமகன் முப்பரிமாண அச்சில் எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்கிறார் என்று எழுதியிருந்தாய். அவருடைய உற்சாகத்தைக் குறைக்காதே. பேட்டர்னை அச்சிடச் சொல், அச்சின் வரிகளை நன்றாகத் தேய்த்து மெருகிட்டால் மணலிலிருந்து சுத்தமாக வெளியே வரும். தூள் வெளியேறும் குழாய் வாய், பிடிகள், மூடிகள் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்த அச்சில் பயன்படும் சாதாரண பி.எல்.ஏ. பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். மோட்டாருக்கும் பேரிங்குக்கும் பக்கத்தில் அது வேண்டாம்.

கத்தியைப் பிடித்திருக்கும் எதையும், உருளையோ ஆப்போ போல்ட்டோ, நாமாகச் செய்யவே கூடாது. அது சுழலும் வேகத்தில் ஒரு கத்தி கழன்றால் குறுக்கே நிற்பவர் பிழைப்பதே அரிது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

போல்ட் என்றதும் நினைவு வருகிறது. அது பிரிட்டிஷ் இயந்திரம் என்பதால் மரைகள் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவில் இருக்கும். ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த அந்த 55 பாகை மரை, அமெரிக்க 60 பாகை மரையோடு 1/4, 3/8 அங்குல அளவுகளில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை என்ற எண்ணிக்கையில் ஒத்துப்போகும். 1/2 அங்குலத்தில் அங்குலத்துக்கு 12, 13 என்று பிரிந்துவிடும். சிறிய போல்ட் ஏறுகிறது என்று பெரியதை முறுக்கி ஏற்றிவிடாதே, வார்ப்பில் உள்ள மரை போய்விடும்.

கடைசியாக பேரிங். ஷாஃப்ட் சுழலும் இடத்தில் பூசியிருக்கும் மென்மையான பேபிட் உலோகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு பால் பேரிங் போடத் துளையைப் பெரிதாக்கலாமா என்கிறாய். செய்யாதே என்று கெஞ்சிக் கேட்கிறேன். 1839-இல் அமெரிக்கரான ஐசக் பேபிட் காப்புரிமை பெற்ற உத்தி அது. மென்மையான வெள்ளீயத்துக்குள் கடினமான சிறு துகள்கள் நின்று ஷாஃப்டைத் தாங்கும். எண்ணெய் மட்டும் தவறாமல் கிடைத்தால் தலைமுறைகளைத் தாண்டி ஓடும். தேய்ந்தால் மறுபடி ஊற்றிக்கொள்ளலாம். வார்ப்பைக் குடைந்துவிட்டால் திரும்பி வர வழியில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வேலை இந்த ஊற்றுதல்தான். அளவெடுப்பதே கிடையாது. ஷாஃப்டை அதன் இடத்தில் சரியாகத் தூக்கி நிறுத்தி, மேலே மெல்லிய கரி படியவிட்டு, வார்ப்பையும் ஷாஃப்டையும் சூடாக்கி, இரு பக்கமும் அடைத்து, இடைவெளியில் ஊற்றினால் உலோகமே பொருத்தத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். சூட்டைப் பார்க்கப் பைன் மரக் குச்சியை முக்கினால் அது கருக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. நிறுத்தாமல் ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். பிறகு எங்கே உரசுகிறது என்று நீலச்சாயம் தடவிப் பார்த்துச் சுரண்டிச் சரிசெய்வது. ஒரு துளி ஈரம் இருந்தாலும் நீராவி வெடித்து உருகிய உலோகம் முகத்தில் தெறிக்கும். பழைய பேபிட்டில் ஈயமும் இருக்கக்கூடும், அதன் புகை நஞ்சு. கண்ணைச் சீர்செய்துகொண்டு வந்திருக்கும் உன்னைத் தனியாக இதைச் செய்ய விடமாட்டேன். நான் வருகிறேன், சேர்ந்தே ஊற்றுவோம்.

அதற்கு முன் நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உருளைகளைச் சுற்றிப் பார்த்து எங்கே இறுகுகிறது என்று எழுது. இரண்டு ஷாஃப்டுகளின் விட்டமும் அவற்றின் மைய தூரமும் வேண்டும். மைய தூரத்தை இரண்டு முனைகளிலும் தனித்தனியாக அளந்து அனுப்பு. உடைந்த பல்சக்கரத்தையும் அதன் ஜோடியையும் துடைக்காமல், எண்ணெய் அழுக்கோடு அப்படியே பொட்டலம் கட்டி அனுப்பிவிடு. பல் எங்கெங்கே உரசியது என்று அந்த அழுக்கில் தெரியும்.

அன்புடன்,
உன் லேத்துக்காரன்