எந்தக் கிணற்றில் எடுத்த தண்ணீர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒயின் ஆலைக் கழிவுநீரை நிலத்தில் பாய்ச்சுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை எரிச்சல் வந்தது. அவசரப்பட்டுவிட்டேனோ என்று மறுநாள் காலையில் மறுபடி படித்தேன். எரிச்சல் அப்படியேதான் இருந்தது. “நிலத்தடி நீரில் நைட்ரேட் மிகக் குறைவாக இருப்பதால் கிணறுகளுக்குப் பாதிப்பில்லை” என்று ஒரு வரி. பக்கத்திலேயே, வாசகர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றோ என்னவோ, பச்சைப் புல்வெளியில் தண்ணீர் தெளிக்கும் படம்.

நைட்ரேட் குறைவாக இருப்பது நல்ல செய்தியாகவும் இருக்கலாம், மிகக் கெட்ட செய்தியாகவும் இருக்கலாம். தாங்கள் அறியாததல்ல. திராட்சை பிழியும் பருவத்துக் கழிவுநீரில் சர்க்கரையும் ஆல்கஹாலும் கரிம அமிலங்களும் கரைந்திருக்கும். மண் தாங்கும் அளவை மீறி அதைப் பாய்ச்சினால், நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். அது தீர்ந்ததும் நைட்ரேட்டில் கைவைக்கும். பிறகு மாங்கனீசு, அதற்கும் பிறகு இரும்பு. மண் துகள்களில் துருவாக ஒட்டியிருந்த இரும்பு கரைந்து இறங்கும்போது, அந்த மண்ணில் ஆர்சனிக் இருந்தால் அதுவும் சேர்ந்து இறங்கும். குடிநீரில் நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். ஆர்சனிக்குக்கு 10 மைக்ரோகிராம். முதலாவதில் முழு மதிப்பெண் வாங்கிய கிணறு இரண்டாவதில் தோற்றுப்போக முடியும். தங்கள் கட்டுரையில் மாங்கனீசு, இரும்பு என்ற சொற்களே இல்லை. விரல் வைத்துத் தேடிப் பார்த்தேன்.

இதை நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு எழுதவில்லை. 27 ஆண்டுகள் ஆய்வுக்கூடத்துக்காகக் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் மாதிரி எடுத்தவன் நான். ஒயின் ஆலை ஒன்றின் வயலோரக் கிணற்றில் எடுத்த தண்ணீர் பாட்டிலுக்குள் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. இரும்பைப் பார்ப்பதென்றால் அந்த இடத்திலேயே வடிகட்டி, சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு மூட வேண்டும். அன்று அமிலப் புட்டி கொடுத்தனுப்பப்படவில்லை, கேட்டதற்கு, “தண்ணீர்தானே, என்ன கெட்டுவிடப் போகிறது?” என்றார்கள். அமிலம் இல்லாததால், கரைந்திருந்த இரும்பு மறுநாள் பாட்டிலின் அடியில் செம்மஞ்சள் வண்டலாகப் படிந்திருந்தது. மேலே தெளிந்திருந்ததை மட்டும் ஊற்றிச் சோதித்தார்கள். அறிக்கையில் இரும்பு “கண்டறியப்படவில்லை”. வண்டலை நான் காட்டினேன். மாதிரி எடுப்பவன் மாதிரி மட்டும் எடுத்தால் போதும் என்று பதில் வந்தது. அந்தத் தாள் இன்னும் ஏதோ ஒரு கோப்பில் சான்றாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து நாளை ஒருவர் கட்டுரையும் எழுதக்கூடும்.

கட்டுரையிலுள்ள அட்டவணைக்கு வருகிறேன். ஒரே ஒரு கிணறு, ஒரே ஒரு தேதி. அந்தக் கிணறு, கழிவுநீர் பாய்ச்சும் வயலுக்கு மேற்புறமா, அதாவது நிலத்தடி நீர் வந்து சேரும் பக்கமா, இல்லை அது வெளியேறும் கீழ்ப்புறமா? நிலத்தடி நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே, ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது வேண்டும். கழிவுநீர் தொடாத மேற்புறத்தில் ஒன்று இல்லாவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது? பாய்ச்சத் தொடங்குவதற்கு முன்பு தண்ணீர் எப்படி இருந்தது என்ற கணக்காவது இருக்கிறதா? நிலத்துக்கு அடியில் தண்ணீர் நம்மைப் போல அவசரப்படுவதில்லை. இந்த ஆண்டு ஊற்றியது பக்கத்துக் கிணற்றை எட்ட ஆண்டுகள் பல ஆகலாம்.

மோட்டாரைப் போட்டவுடன் வரும் முதல் குடத்தைப் பிடித்துக்கொண்டு போவதும் வழக்கமாகிவிட்டது. குழாயில் தேங்கிக் கிடந்த பழைய தண்ணீர் அது. உப்பளவும் அமிலத்தன்மையும் வெப்பமும் நிலையாகும் வரை இறைத்துவிட்டுப் பிறகுதான் பிடிக்க வேண்டும். அரை மணி நேரம் இறைத்துக்கொண்டு நின்றதற்காக என்னைச் சோம்பேறி என்று சொன்ன மேலதிகாரி ஒருவர் உண்டு.

சோடியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொட்டிகளைக் காஸ்டிக் சோடா என்ற சோடியம் காரத்தால் கழுவுகிறார்கள். அதற்குப் பதில் பொட்டாசியம் காரத்துக்கு மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று கட்டுரை போகிற போக்கில் சொல்கிறது. களிமண்ணுக்கு அது ஓரளவு நல்லதுதான். ஆனால் உப்பு உப்புதான். மொத்த உப்பில் அதுவும் சேரும். திராட்சையிலிருந்தே வரும் பொட்டாசியம் வேறு இருக்கிறது.

கலிஃபோர்னியாவின் மாநில நீர்வளக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒயின் ஆலைக் கழிவுநீருக்கென்றே ஒரு பொது ஆணை கொண்டுவந்தது. ஆண்டுக்கு 10,000 கேலனுக்கு மேல் வெளியேற்றும் ஆலைகளை அளவைப் பொறுத்து நான்கு படிகளாகப் பிரித்தார்கள். பெரிய ஆலைக்குப் பெரிய பொறுப்பு. தங்கள் கட்டுரையோ எல்லா ஆலைகளையும் ஒரே புல்வெளியில் நிறுத்திவிட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் இதே பொருள் பற்றித் தங்களுக்கு எழுதினேன். இடப் பற்றாக்குறையால் சுருக்கி வெளியிட்டீர்கள். சுருக்கியதில் “பிழியும் பருவம் முடிந்து ஆறு மாதம் கழித்து எடுத்த மாதிரியை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது” என்ற வாக்கியத்தின் கடைசி இரண்டு சொற்கள் “கட்டலாம்” என்று மாறிவிட்டன. நண்பர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, நானா அப்படி எழுதினேன் என்று கேட்டார்கள். திருத்தம் கேட்டு ஓர் அஞ்சலட்டை போட்டேன். அதற்கும் இடப் பற்றாக்குறை இருந்திருக்க வேண்டும்.

கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவில்லை. கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். அந்த அட்டவணைக்கு அடியில் வர வேண்டிய ஒரே ஒரு வரியை அடுத்த இதழில் அச்சிடுங்கள்: எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், எந்த மாதம், வயலுக்கு எந்தப் பக்கம். இந்த முறை சுருக்க வேண்டியிருந்தால் என் புலம்பலைச் சுருக்கிக்கொள்ளுங்கள்; அந்த வரியில் மட்டும் கைவைக்காதீர்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற நீர் ஆய்வுக்கூட உதவியாளர்