வில் முதலில், கீர்த்தனை பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இவ்வாண்டு திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில், ஐந்து ராகங்களில் அவர் இயற்றிய பஞ்சரத்ன கீர்த்தனைகளின்போது, வயலின் ஏந்திய பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சிலருக்குப் பின்னால் எனக்கு இடம் கிடைத்தது. முதல் ராகமான நாட்டையில் துணிவுடன் தொடங்கியவர்கள், கௌளையைக் கடந்து ஆரபியின் சரணங்களுக்கு வருவதற்குள், ஒவ்வொருவராக வில்லைத் தந்தியில் படாமல் காற்றில் இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். குற்றம் பிள்ளைகளுடையது அன்று. வில் பழகாத கையில் கீர்த்தனையைத் திணிக்கும் அவசரமே காரணம். அந்த அவசரத்தில் பெற்றோருக்கும், என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் சம பங்கு உண்டு.

வீணைக்குச் சுர இடங்களைக் காட்டும் மெட்டுக் கட்டைகள் உண்டு, வயலினுக்கு இல்லை. விரல் ஒரு நூல் தள்ளி விழுந்தாலும் சுரம் பிசகிவிடும். ஆகவே விரல் வைப்பதற்கு முன்பே, ச-ப-ச-ப எனச் சேர்த்த நான்கு தந்திகளிலும், எட்டு அட்சரத்துக்கு (தாள எண்ணிக்கைக்கு) ஒரு வில் என்று, கைப்பிடிப் பக்கம் கரகரக்காமலும் நுனியில் மெலியாமலும் இழுக்கச் சில வாரங்களாவது பழக்க வேண்டும். பிறகு மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி எனும் தொடக்கப் பயிற்சி, மூன்று காலத்திலும் (வேகத்திலும்). சுரங்களை இரட்டையாக வாசிக்கும் ஜண்டை வரிசையில் இரண்டாவது சுரத்துக்கு விழும் அழுத்தம் கைக்கு வந்துவிட்டால், பின்னாளில் கமகத்துக்கான (சுரத்தை அசைத்து வாசிப்பதற்கான) பாதி வேலை முடிந்தது என்பது என் அனுபவம்.

இவற்றைத் தனியே அமர்ந்து சாதகம் செய்யும் பிள்ளைக்குச் சலிப்புத் தட்டுவது இயல்பு. சேர்ந்து வாசிப்பது அங்கேதான் கைகொடுக்கிறது. முதலாண்டு மாணவர்கள் அலங்காரம் எனும் தாளப் பயிற்சியை முதல் காலத்தில் ஒரு முறை வாசிப்பதற்குள், மூத்தவர்கள் அதையே இரண்டாம் காலத்தில் இரு முறை வாசித்து முடித்து, இரு சாராரும் ஒரே இடத்தில் வந்து சேரட்டும். நேற்றுச் சேர்ந்த பிள்ளை சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் நீளமாக இழுத்துக்கொண்டிருக்கட்டும். பக்கத்து வயலினோடு ஒட்டாத சுரம் எது என்பதை, ஆசிரியர் அதட்டாமலே அந்தப் பிள்ளையின் காது கண்டுகொள்ளும்.

இது நம் மண்ணுக்குப் புதிதும் அன்று. மேளக்காரர் வீட்டுப் பையன் முதலில் தாளம் தட்டினான், பிறகு சுருதிக்காக ஊதும் ஒத்துக் குழலைப் பிடித்தான், அதன் பிறகே நாகசுரம் அவன் கைக்கு வந்தது. (‘ஒத்து ஊதுகிறான்’ என்று நாம் ஏளனமாகச் சொல்வது எத்தனை பெரிய பாடத்தை!) முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் மணலியில் ஐரோப்பிய இசைஞரிடம் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்த கருவி வயலின், தஞ்சை நால்வர் எனும் இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் தந்த வயலினைத் தந்தத்தால் செய்திருந்தார்கள். அத்தனை பெருமையுடன் இங்கே வேரூன்றிய கருவியை, பள்ளி ஆண்டுவிழாவுக்கான இரண்டு பாட்டாகச் சுருக்கிவிட்டோம்.

கூட்டமாக வாசித்தால் பாணி கெடும், அவரவர் கமகம் மழுங்கும் என்று மூத்த வித்வான்கள் சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சமே. ஆனால் தொடக்கப் பாடங்களின் முடிவில் வரும் வர்ணம் வரைக்கும் இந்த ஏற்பாடு போதும். ராகத்தை விரித்து வாசிக்கும் ஆலாபனையும், அவ்வப்போது புதிதாகப் புனையும் கற்பனைச் சுரமும் குருவின் எதிரே தனியாக அமர்ந்து கற்க வேண்டியவை, அதில் மாற்றமில்லை.

தமிழக அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் குரலிசை, தேவாரம், மிருதங்கம், வயலின் எல்லாம் ஒரே கூரையின்கீழ் நடக்கின்றன. வாரம் ஒரு மணி நேரம் இம்மாணவர்களை ஒரே சுருதியில் சேர்த்து உட்காரவைப்பதற்குப் பெரிய செலவில்லை. ஐப்பசி ஈரத்தில் தந்தியை முறுக்கும் பிருடை இறுகிக்கொள்ளும் நம் பகுதியில், பத்து வயலினுக்குச் சுருதி சேர்க்கவே கால் மணி நேரம் போய்விடும் என்பது உண்மைதான். அந்தக் கால் மணியையும் பாடமாகவே கொண்டு, தந்தி சேர்ப்பதை மாணவர்களிடமே விட்டுவிடலாம். ஆண்டுத் தேர்வில் தனி வாசிப்போடு கூட்டு வாசிப்புக்கும் சில மதிப்பெண்களை ஒதுக்குமாறு கலை பண்பாட்டுத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயலின் ஆசிரியர்,
கும்பகோணம்.