பொம்மையின் அடியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டு வீடுகளில் இருக்கும் பழைய பீங்கான் பொம்மைகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கவுன் போட்ட பெண், பிடில் வாசிக்கும் துரை மாதிரியான பொம்மைகள் எல்லாமே ஐரோப்பாவில் செய்தவை என்று எழுதியிருந்தது. அப்படி இல்லை.

என் அம்மாவின் கல்யாணத்தில் பரப்பிய சாமான்களில் இப்படி ஒரு ஜோடி உண்டு. ஐயா பினாங்கிலிருந்து வாங்கிவந்தது. சாண் உயரம், பெண்ணின் கன்னத்தில் ரோஸ் நிறம், பையனின் கோட்டு ஓரத்தில் தங்கக் கோடு. பார்த்தவர்கள் எல்லாம் ஜெர்மனிச் சாமான் என்பார்கள். திருப்பினால் அடியில், காற்றுப் போக விட்ட ஓட்டைக்குப் பக்கத்தில், சிவப்பு மையில் பொடி எழுத்து: ‘மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்’.

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான் 1952 ஏப்ரல் வரை அமெரிக்கத் தலைமையிலான படைகளின் பிடியில் இருந்தது. 1947இல் தனியார் ஏற்றுமதி மறுபடி தொடங்கியபோது வந்த முத்திரை இது. அமெரிக்காவுக்குப் போன பழைய சாமான்களில், 1891 முதல் 1921 வரை ஜப்பானியர் தங்கள் நாட்டைச் சொல்லும் பேரான ‘நிப்பான்’ என்றிருக்கும், அப்புறம் ‘ஜப்பான்’.

இந்த வகைப் பொம்மைகளுக்குப் பேர்போன ஊர், நகோயாவுக்குப் பக்கத்திலுள்ள செட்டோ. முதல் உலகப் போரில் ஜெர்மனிப் பொம்மை வரத்து நின்றது. அந்த இடத்தைப் பிடிக்கத்தான் செட்டோக்காரர்கள் ஐரோப்பிய மாதிரியைப் பார்த்துச் செய்து தேறினார்கள். பிளாஸ்டர் அச்சில் மண்குழம்பை ஊற்றி, சுவரில் படிந்தது போக மீதியைக் கவிழ்த்துவிடுவார்கள். அதனால்தான் உள்ளே கூடு. கையும் தலையும் தனியாக வார்த்து ஒட்டுவது. 1985க்குப் பிறகு யென் மதிப்பு ஏறி ஏற்றுமதி படுத்துவிட்டது.

நகல்தானே என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பொம்மையின் சுண்டுவிரல் அரைநெல் அளவுதான்; அதிலும் நகம் தீட்டியிருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அடியைப் பாத்திரப் பொடி போட்டுத் தேய்க்காதீர்கள். மெருகின் மேல் குத்திய முத்திரை கரைந்துவிடும். பையன் பொம்மையின் எழுத்து அப்படித்தான் போனது, தேய்த்தது நான். காரைக்குடி பழம்பொருள் கடைக்குக் கொடுப்பவர்களும், எந்த ஊரிலிருந்து யார் கல்யாணத்துக்கு வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.

– ஒரு வாசகி, தேவகோட்டை