வெட்பாலைத் தைலத்தைச் சோதித்துச் சொல்லுங்கள்

சென்னை அரும்பாக்கத்தில் இயங்கும் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தாருக்கு, வணக்கம்.

என் மகளுக்கு ஐந்து வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி). ராத்திரி தூக்கத்திலேயே சொறிந்துவிடுவாள்; காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டுகள் இருக்கும். டாக்டர் தந்த களிம்போடு, என் மாமியார் வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு மொட்டை மாடி வெயிலில் வைத்தார். சில நாளில் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது. தடவினோம், அரிப்பு தணிந்தது. சரி, தணித்தது களிம்பா, இலையா, எண்ணெயா?

எண்ணெயையும் ஏன் சேர்க்கிறேன் என்றால், பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு வர்ஜின் தேங்காய் எண்ணெய், இன்னொரு பிரிவுக்கு மினரல் ஆயில், 8 வாரம். தேங்காய் எண்ணெய் தடவிய குழந்தைகளுக்கே கூடுதல் குணம் தெரிந்தது.

அதற்காக இலையை ஒதுக்கிவிட முடியாது. அவுரிச் செடியில் கிடைக்கும் இண்டிருபின் என்ற நிறப்பொருள் வெட்பாலை இலையிலும் உண்டு. நம் தோல் செல்களில் ஏ.எச்.ஆர். என்றொரு ஏற்பி, அதாவது சில பொருள்கள் வந்து ஒட்டினால் செல்லுக்குச் சேதி சொல்லும் புரதம், இருக்கிறது. அதைச் சரியாகத் தூண்டினால் தோலின் மேலரண் உறுதிப்படும், அழற்சி அடங்கும். இண்டிருபின் அதைத் தூண்டக்கூடியது. அதே ஏற்பியைத் தூண்டும் டாபினாரோஃப் களிம்புக்கு, 2 வயதுக் குழந்தை முதல் கரப்பானுக்குப் பயன்படுத்த 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. அந்த மருந்துப் பொருளும் இயற்கையில் கிடைத்ததுதான். நூற்புழுவை அண்டி வாழும் ஒரு பாக்டீரியாவில் கண்டெடுத்தார்கள். அதை முறையாகச் சோதித்ததால்தான் ஒரு தாய் இன்று நம்பித் தடவ முடிகிறது.

காளாஞ்சகப்படைக்கு (சோரியாசிஸ்) வெட்பாலை ஏற்கெனவே பெயர் பெற்றது. குழந்தைகளின் கரப்பானுக்கும் அது உதவுமா என்று ஒரு பெரிய ஆய்வை நீங்கள் நடத்த வேண்டும். பாதிக் குழந்தைகளுக்கு வெட்பாலைத் தைலம், மீதிப் பேருக்கு அதே ஊதா நிறம் ஏற்றிய வெறும் தேங்காய் எண்ணெய். நிறத்தில் விட்டுவிடாதீர்கள். ஊதாவைப் பார்த்ததுமே மருந்து என்று பெற்றவள் மனம் நம்பிவிடும். புண்ணைப் பார்த்து மதிப்பெண் போடும் மருத்துவருக்கும் அப்படித்தான்.

அப்புறம், கடைத் தைலங்களையும் களிம்புகளையும் வாங்கி ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று பாருங்கள். லண்டனில் 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்தபோது 8இல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்ததாக 1999இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. குழந்தையின் முகத்தில் தடவுகிற பொருள் இது.

பலன் இல்லை என்று வந்தாலும் முடிவை அப்படியே வெளியிடுங்கள். தமிழிலும் வெளியிடுங்கள், என் மாமியார் படிப்பார்.

இப்படிக்கு,
கரப்பான் உள்ள குழந்தையின் தாய்