சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப் பதிவேடுகளைத் திறந்து பாருங்கள்: ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அலுவலர்களுக்கு, வணக்கம்.

இந்திய உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமைப் பிரிவுக்கும், தமிழ்நாட்டு அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்துக்கும், மாவட்டங்களில் முகாம் கோப்புகளைக் கையாளும் வட்டாட்சியர்களுக்கும் இதை எழுதுகிறோம்.

தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 58,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். கோப்பில் எல்லாரும் 'இலங்கைத் தமிழர்' என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து போரால் வந்தவர்களும் அதில் உண்டு. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழியில் நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்த மலையகத் தமிழர்களும், அவர்களுடைய பிள்ளைகள் பேரப்பிள்ளைகளும் உண்டு. இந்த இரண்டாம் வகையினரில் பலரை ஏற்றுக்கொள்வதாக இந்திய அரசு 60 ஆண்டுகளுக்கு முன்பே, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 'சட்டவிரோதக் குடியேறி' என்று இவர்களின் மனுவைத் திருப்புவதற்கு முன்னால் அந்த எழுத்தைப் பாருங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

சிக்கல் தொடங்கியது 1948-இல். அந்த ஆண்டின் 18-ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வம்சாவழிக் குடியுரிமைக்குத் தகப்பனார் இலங்கையில் பிறந்ததற்கோ, அல்லது பாட்டனாரும் பூட்டனாரும் அங்கே பிறந்ததற்கோ சான்று கேட்டது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்களிடம் இரண்டு தலைமுறைக்கு முந்தைய பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? 1949-இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1-க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்றது. ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் இந்தியாவில் ஊரில் தங்கிவிட்டால் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. 8 லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போயிற்று. சுமார் 1,34,000 பேருக்குத்தான் பிரஜாவுரிமை, அதாவது இலங்கைக் குடியுரிமை, கிடைத்தது. 1954-இல் நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலயும் செய்துகொண்ட உடன்பாடும் கைகொடுக்கவில்லை. இந்தியப் பதிவுக்குத் தாமாக வராதவர்கள் இலங்கையின் பொறுப்பு என்றது டில்லி; பிரஜாவுரிமை கிடைக்காதவர்கள் இந்தியாவின் பொறுப்பு என்றது கொழும்பு.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம் இந்த மக்களை எண்ணிக்கையாகப் பங்கு பிரித்தது. மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது. பங்கு போடப்பட்டவர்கள் சார்பில் அந்த மேசையில் ஒருவரும் உட்காரவில்லை. 1974 ஜனவரியில் இந்திரா காந்தி காலத்தில் மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். ஆக இந்தியாவின் பங்கு 6,00,000.

இன்றைய கோப்புகளுக்கு உயிரான மூன்று விஷயங்கள் 1964 ஒப்பந்தத்தில் உள்ளன. முதலாவது, இரண்டு தரப்பு எண்ணிக்கையும் 'இயற்கைப் பெருக்கத்துடன்' சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. 1964-க்குப் பிறகு அந்தக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளும் கணக்கில் அடக்கம். ஒப்பந்தப்படி வந்து சேர்ந்த 4,60,000-க்கும் மேற்பட்டோரைத் தமிழ்நாடு எண்ணியதும் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். இரண்டாவது, இலங்கைக் குடியுரிமை பெறுவோருக்கு ஒன்று, இந்தியா செல்வோருக்கு ஒன்று என இரு பதிவேடுகள் தயாரிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தப் பதிவேடுகள் அரசுகளிடம் இருப்பவை. மக்கள் கையில் இருப்பவை அல்ல. மூன்றாவது, புறப்படும் நாள் வரை அல்லது 55 வயது வரை வேலையில் நீடிக்கலாம் என்றும், சேமலாப நிதி (வருங்கால வைப்பு நிதி) உட்பட ஒரு குடும்பம் கொண்டுசெல்லும் சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்றும் எழுதியிருந்தார்கள். போகிறவர்கள் ஒழுங்கான பயணிகளாக, சட்டப்படி, கப்பலில் போவார்கள் என்பதுதான் இரு அரசுகளின் கணக்கு.

அந்தக் கணக்கு ஏன் தவறியது? 1967-இல் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய நடைமுறைச் சட்டம், இந்தியா 7 பேரை ஏற்றால் இலங்கை 4 பேருக்குக் குடியுரிமை தரும் என்ற விகிதத்தை வைத்தது. இந்தியக் குடியுரிமை பதிவானாலே அந்த 7 கணக்கில் சேரும் என்றிருந்தது, 1971 திருத்தத்தால் ஆள் கப்பலேறினால்தான் சேரும் என்று மாறிற்று. ஒரு குடும்பத்தின் பயணம் தள்ளிப்போனால், இலங்கையிலேயே தங்க விரும்பிய வேறொரு குடும்பத்தின் பிரஜாவுரிமையும் தள்ளிப்போனது. 1968 மே மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு விண்ணப்பம் வாங்கினார்கள். கடைசியில் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தவர்கள் சுமார் 5,06,000 பேர். 1981 அக்டோபரில் ஒப்பந்தக் காலம் முடிந்தபோது ஏராளமான விண்ணப்பங்கள் தீராமல் கிடந்தன. 1984-இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்றுபோனது. இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தும் கப்பலேற வழியில்லாமல் அங்கேயே நின்றவர்கள் 80,000-க்கு மேல்.

இதற்கு நடுவில் தமிழருக்கு எதிரான 1977 கலவரம். தோட்டங்களில் அடிவாங்கியவர்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். 1983-க்குப் பிறகு அங்கேயும் நிற்க முடியாமல் மன்னார்க் கரையிலிருந்து படகேறினார்கள். வவுனியாவிலிருந்து வந்ததால் இலங்கையின் வடக்கைச் சேர்ந்தவர்கள் என்றும், படகில் வந்ததால் அகதிகள் என்றும் பதிவானார்கள். தகப்பனார் பெயரில் கண்டியில் இந்தியக் குடியுரிமை விண்ணப்பம் இருந்தது எந்தப் படிவத்திலும் ஏறவில்லை.

இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 2003 திருத்தம் 2004 டிசம்பர் 3 அன்று நடைமுறைக்கு வந்தது. செல்லத்தக்க பயண ஆவணம் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. அவருக்குப் பிரிவு 5-இன் பதிவும் இல்லை, பிரிவு 6-இன் குடியுரிமையாக்கமும் இல்லை. கப்பல் அனுப்ப வேண்டியது அரசின் கடமையாக இருந்தது. கப்பல் நின்ற பிறகு படகில் வந்த குற்றத்தை அந்த மக்கள் தலையில் வைப்பது அநீதி என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

இனி, மனுவைக் கையில் வாங்கும் அலுவலருக்கு. முதலில் பிறந்த இடத்தையும் தேதியையும் பாருங்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும், அதே குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 3-இன்படி அவர் பிறப்பால் குடிமகன். அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே தேவையில்லை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது இதே அடிப்படையில்தான். பிறப்புப் பதிவாகாமல் போயிருந்தால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பிரிவு 13(3)-இன் தாமதப் பதிவு இருக்கிறது. 2023 திருத்தத்துக்குப் பிறகு அந்த ஆணையை மாவட்ட நிர்வாகத்திலேயே பெறலாம். ஒருவருக்கு இது உறுதியானால், 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை இங்கே பிறந்த அவருடைய பிள்ளைகளுக்கும் உறுதியாகிவிடும், பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தாலே போதும் என்பதால்.

இலங்கையில் பிறந்தவர் என்றால் அவருடைய இலங்கைப் பிறப்புச் சான்றை வாங்கி, பெற்றோரின் இனம் எழுதிய கட்டத்தைப் பாருங்கள். 'இந்தியத் தமிழர்' என்று அங்கே இருந்தால் வம்சாவழிக்கு இலங்கை அரசே தந்த சான்று அது. பெரும்பாலும் யாரும் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதில்லை. அடுத்து, வீட்டில் யார் பெயரிலாவது இந்தியப் பாஸ்போர்ட், பதிவுச் சான்று, விண்ணப்ப எண் எழுதிய கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயரோடு பிள்ளைகளின் பெயர்களும் ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். அவர் இறந்தபின் அது ஒரு மகனிடம் தங்கிவிடும். வேறு முகாமில் இருக்கும் தங்கை வெறுங்கையோடு நிற்பார். ஒரு குடும்பத்தின் கோப்புகள் எத்தனை முகாம்களில் இருந்தாலும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கடிதம் எதுவும் இல்லையென்றால் பதிவேட்டில் தேட வேண்டும். இங்கேதான் அதிகம் தவறுகிறது. முனியாண்டி என்ற பெயர் ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். தோட்டத்துக்கோ இரண்டு பெயர்: துரைமார் (தோட்ட அதிகாரிகள்) வைத்த ஆங்கிலப் பெயர் பதிவேட்டில், ஆட்கள் புழங்கிய தமிழ்ப் பெயர் மனுதாரர் வாயில். தமிழ்ப் பெயரைச் சொல்லித் தேடினால் 'பதிவு இல்லை' என்றே பதில் வரும். இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பட்டியல் ஒன்று முதலில் வேண்டும். பிறகு தோட்டம், டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு), தகப்பனார் பெயர், பிறந்த ஆண்டு ஆகிய நான்கில் மூன்று பொருந்தினால் நேர்விசாரணைக்கு எடுங்கள். எழுத்துக்கூட்டலை மட்டும் காரணம் காட்டித் தள்ளாதீர்கள்.

இலங்கை 2003-இலும் 2009-இலும் சட்டம் மாற்றி இவர்களுக்குத் தன் குடியுரிமைக் கதவைத் திறந்திருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்கு அது நல்ல வழி, உதவுங்கள். இங்கேயே வேரூன்றிவிட்டவர்களுக்கு இந்தியா கொடுத்த வாக்கை அது தீர்த்துவிடாது.

9.1.2015 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்ததை மனமார வரவேற்கிறோம். 1964, 1974 ஒப்பந்தங்களின் கீழ் வரும் குடும்பங்களை குடியுரிமைச் சட்டத்திலும் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதக் கூடாது என்று உள்துறை தெளிவாக ஆணையிட்டால், பிரிவு 5-இன் கதவு இவர்களுக்குத் திறக்கும்.

அந்த ஆணை வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கண்டியிலும் கொழும்பிலும் இந்தியத் தூதரகங்கள் வாங்கிய விண்ணப்பங்களின் பதிவேடுகள் இப்போது எங்கே, எத்தனை தொகுதிகளாக, எந்த நிலையில் இருக்கின்றன என்பதை வெளியிடுங்கள். அவற்றை நகலெடுத்து, முகாம்கள் உள்ள ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் தேடிப் பார்க்க வசதி செய்யுங்கள். 1968-இல் விண்ணப்பத்தில் கைரேகை வைத்தவர்களில் உயிரோடிருப்பவர்கள் 75 வயதைத் தாண்டிவிட்டார்கள். தோட்டத்தின் பழைய பெயரைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்களின் வாக்குமூலத்தை இந்த ஆண்டே முகாமுக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
மலையகத் தமிழர் ஆவணப் பணியில் இருப்போர்