சங்கிலி ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய நில ஆவணங்களைப் படிப்பது பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரை மிகவும் தேவையான ஒன்று. ஆனால் நிலம் அளக்கும் சங்கிலியைப் பற்றி 'ஒரு சங்கிலி 100 அடி, எனவே ஒரு லிங்க் (சங்கிலியின் ஒரு கண்ணி) ஓர் அடி' என்று அதில் அச்சாகியிருப்பதை உடனே திருத்த வேண்டும். அதை நம்பி மனை வாங்குபவருக்குப் பாதிக்கு மேல் நிலம் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

100 அடிச் சங்கிலி உண்டு. அது பொறியாளர் சங்கிலி. அதில் 100 லிங்க், ஒவ்வொன்றும் ஓர் அடி. நம் வயல்களையும் தோட்டங்களையும் அளந்தது அதுவல்ல; இங்கிலாந்தின் எட்மண்ட் கன்டர் 1620-ல் வகுத்த 66 அடிச் சங்கிலி. அதிலும் 100 லிங்க்தான். ஆனால் ஒரு லிங்க் 7.92 அங்குலமே.

66 என்பது யோசித்துத் தேர்ந்த எண். பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் துல்லியமாக ஓர் ஏக்கர். ஆகவே ஏக்கருக்கு ஒரு லட்சம் சதுர லிங்க், சென்ட்டுக்கு ஆயிரம். சென்ட்டை 435.6 சதுர அடி என்று சொல்லும்போது ஒட்டாமல் நிற்கும் கணக்கு, லிங்க்கில் சொன்னால் முழு எண்ணாகிவிடுகிறது. காகிதமும் பென்சிலும் மட்டுமே கையில் இருந்த நில அளவையருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

பழைய புலப்படத்தில் (நிலத்தின் எல்லை அளவுகளைக் குறித்த வரைபடத்தில்) ஒரு மனை நான்கு பக்கமும் 100 என்று குறித்த சதுரம் என்று வையுங்கள். லிங்க்கில் அது சரியாக 10 சென்ட், அதாவது 4,356 சதுர அடி. உங்கள் கட்டுரைப்படி பார்த்தால் 10,000 சதுர அடி, ஏறக்குறைய 23 சென்ட். இந்த வித்தியாசத்தில்தான் பக்கத்து வீட்டாரோடு வரப்புச் சண்டையும் வழக்கும் பிறக்கின்றன.

இந்தியாவை அளக்கும் பெரும் பணியைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், 1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கு அடிப்படையான முதல் கோடு) அளந்த சங்கிலியையும் கட்டுரை குறிப்பிடுகிறது. அதன் நீளம் 100 அடி என்பது உண்மை. ஆனால் அதில் இருந்தவை இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது. அங்கேயும் லிங்க் ஓர் அடி அல்ல. மேலும், அது நாட்டை அளக்க வந்த கருவி. பட்டா நிலத்துக்கு அதை உதாரணம் காட்டக் கூடாது.

இப்போதைய புலப்படங்கள் மீட்டரில் இருக்கின்றன. ஒரு லிங்க் சுமார் 20.12 செ.மீ. திருத்தம் வெளியிடும்போது இந்த அளவையும் சேர்த்து, கட்டுரை வந்த அதே பக்கத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர்,
தஞ்சாவூர்