வலியைப் பழக்கம் என்று சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு,

பள்ளிப் பருவத்தில் என் மகள், மாதந்தோறும் இரண்டு நாள், வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் அணைத்தபடி ஆத்தங்குடிக் கல் தரையில் சுருண்டு கிடப்பாள். 'கல்யாணமானால் சரியாகிவிடும்' என்றார் அப்பத்தா. நாங்கள் பார்த்த மருத்துவரும் ஏறத்தாழ அதையே சொன்னார். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்த பிறகே அது எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்தது.

கருப்பையின் உட்சவ்வை ஒத்த திசு வெளியே வளரும் இந்நோய், உலகில் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாதவிடாய் இரத்தம் கருக்குழாய் வழியே வயிற்றுக்குள் பின்னோக்கிச் செல்வது பெரும்பாலான பெண்களுக்கு நிகழ்வதுதான்; சிலரிடம் மட்டும் அதனுடன் செல்லும் திசு வேரூன்றுவதில் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அத்திசுவை அழிக்க வேண்டிய இயற்கைக் கொல்லி அணுக்கள் வலுவிழந்திருப்பதும், துப்புரவு செய்ய வேண்டிய மேக்ரோபேஜ் அணுக்களே அழற்சிப் பொருள்களைச் சுரந்து, அங்கே புதிய இரத்த நாளங்களும் நரம்பிழைகளும் வளரத் துணைபோவதும் நோயாளிகளிடம் காணப்பட்டுள்ளன. வலி தீராமல் நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதை மனப்பிரமை என்று ஒதுக்குவது கொடுமை.

பள்ளி மாணவியருக்கு இலவச நாப்கின் வழங்கும் அரசு, வகுப்புக்கு வர முடியாத அளவு வலிக்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை அரசு மருத்துவமனைகளில் இதற்கென வாரம் ஒரு நாளையாவது ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு தாய்,
காரைக்குடி.